கொன்டெய்னர் செயலியைக் கிளவுட்டில் ஏற்ற எந்தக் கருவி? ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கும் முறை

கொழும்பில் இணையச் செயலிகளைச் செய்துகொடுக்கும் குழுக்களிற் பல சிறியவை; இரண்டு பேர் முதல் ஐந்து பேர் வரைதான் இருப்பார்கள். புறக்கோட்டை மொத்தக் கடைக்கு ஓடர் எடுக்கும் செயலி, வெள்ளவத்தைத் தனியார் கல்வி நிலையத்துக்கு வரவு பதிந்து கட்டணப் பற்றுச்சீட்டுப் போடும் செயலி என்று வேலை வந்துகொண்டிருக்கும். 2013இல் டொக்கர் என்ற கருவி வெளிவந்த பிறகு, இத்தகைய செயலியை, அது ஓடத் தேவையான எல்லாவற்றோடும் சேர்த்து ஒரே பொதியாக, அதாவது ஒரு கொன்டெய்னர் இமேஜாகக் கட்டுவது பெரும்பாலும் தீர்ந்துபோன விடயமாகிவிட்டது. கட்டிய இமேஜை (ஓடும் இமேஜைத்தான் கொன்டெய்னர் என்கிறோம்) எந்தக் கருவியைக் கொண்டு, எந்தக் கிளவுட்டில், யார் பொறுப்பில் ஓடவிடுவது என்பதே இன்னும் தீராத கேள்வி.

இதற்கு விடை தேடுவோர் வழக்கமாக வசதிகளின் அட்டவணையைப் பார்க்கிறார்கள். அந்த அட்டவணையால் பெரிய பயன் கிடைப்பதில்லை. நல்ல இமேஜ் ஒன்றை ஏற்றுவதை இன்றைக்கு எல்லாக் கருவிகளும் ஒழுங்காகவே செய்கின்றன. வேறுபாடு தெரியவருவது கெட்ட இமேஜை ஏற்றும்போதுதான். ஆகவே இங்கே சொல்லும் முறை இது: ஒரே இமேஜை எடுத்து, உங்களுக்குப் பொருந்தக்கூடிய இரண்டு மூன்று கருவிகளில் ஏற்றி, வேண்டுமென்றே அதைக் குழப்பிப் பார்த்து, பழைய நிலைக்கு எவ்வளவு எளிதாகத் திரும்ப முடிகிறது என்பதை முதல் அளவுகோலாகவும், மாத முடிவில் வரும் பில்லை இரண்டாவது அளவுகோலாகவும் வையுங்கள். மற்றவை எல்லாம் இந்த இரண்டுக்கும் பிறகுதான்.

முதலில் இமேஜைச் சீராக்குங்கள்

இமேஜ் சீராக இல்லாவிட்டால், சோதனையில் தெரியும் குறை கருவியுடையதா இமேஜுடையதா என்று பிரித்தறிய முடியாது. செயலி எந்தப் போர்ட்டில், அதாவது எந்த வாசல் எண்ணில், கோரிக்கைகளைக் கேட்க வேண்டும் என்பதை நிரலுக்குள் எழுதிவைக்காமல், வெளியிலிருந்து கொடுக்கும் சூழல் மாறியிலிருந்து எடுத்துக்கொள்ளச் செய்யுங்கள். கூகிளின் கொன்டெய்னர் மேடையான கிளவுட் ரன் அந்த எண்ணை போர்ட் என்ற மாறியில் கொடுக்கிறது. நீங்கள் வேறு எண் சொல்லாவிட்டால் அது 8080. செயலி லோக்கல்ஹோஸ்டில், அதாவது தன் கொன்டெய்னருக்குள்ளே மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் கொன்டெய்னருக்கு வெளியிலிருந்து வரும் எந்தக் கோரிக்கையும் அதை எட்டாது, 0.0.0.0 என்ற முகவரியில் கேட்க வேண்டும்.

குழுவில் ஒருவர் அப்பிளின் எம் வரிசை மக்புக்கில் வேலை செய்தால், அவர் கட்டும் இமேஜ் ஏஆர்எம் வகைச் சில்லுக்கானதாக அமையும். கிளவுட் சேர்வர்களிற் பெரும்பாலானவை ஏஎம்டி64 வகை. ஏற்றியவுடன் எக்ஸெக் ஃபோமட் எரர் என்ற ஒரே வரியோடு கொன்டெய்னர் நின்றுவிடும். டொக்கர் பில்ட் கட்டளையில் பிளட்ஃபோம் என்ற தெரிவைக் குறிப்பிட்டுக் கட்டலாம். எவருடைய மடிக்கணினியிலும் கட்டாமல் கிட்ஹப்பின் தானியங்கிச் சேவையான அக்ஷன்ஸ் போன்ற ஓரிடத்தில் மட்டும் கட்டுவது அதைவிட நல்லது. இமேஜுக்கு லேட்டஸ்ட் என்று பெயரிடாமல் அந்த நிரல் மாற்றத்துக்குக் கிட் கொடுக்கும் கொமிட் அடையாள எண்ணையே பெயராக இடுங்கள். எதற்குத் திரும்ப வேண்டும் என்று பெயர் சொல்ல முடியாத இமேஜுக்கு எந்தக் கருவியாலும் திரும்ப முடியாது.

நிறுத்தும் விதத்தையும் கவனியுங்கள். பழைய கொன்டெய்னரை நிறுத்தும்போது இக்கருவிகள் முதலில் சிக்டேர்ம் என்ற சமிக்ஞையை அனுப்பி, சிறிது அவகாசம் கொடுத்து, அதன் பிறகே பலவந்தமாக நிறுத்துகின்றன. கிளவுட் ரன் கொடுக்கும் அவகாசம் 10 வினாடி. பல சேர்வர்களில் கொன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் வழமையாகக் கொடுப்பது 30 வினாடி. இமேஜைக் கட்டும் படிகளை எழுதும் டொக்கர்ஃபைலில் தொடக்கக் கட்டளையைச் சதுர அடைப்புக்குறிக்குள் பட்டியலாக எழுதாமல் வெறும் வரியாக எழுதிவிட்டால், முதலாவதாக ஓடுவது ஷெல் என்ற கட்டளை இடைமுகம். சமிக்ஞை அதோடு நின்றுபோய் உங்கள் செயலிக்குச் சேராமலே போகலாம். அப்போது ஒவ்வொரு முறை புதிய பதிப்பை ஏற்றும்போதும், அந்த நேரத்தில் ஓடர் போட்டுக்கொண்டிருக்கும் யாரோ ஒருவருக்கு வேலை பாதியில் அறுந்துபோகும்.

தமிழில் பில் அச்சிடும் செயலிகளுக்கு இன்னொரு சோதனை கட்டாயம் வேண்டும். ஸ்லிம், அல்பைன் என்ற பெயர்களோடு வரும் சிறிய அடிப்படை இமேஜ்களில் எழுத்துருக்களே இருப்பதில்லை. உங்கள் கணினியில் அழகாக வந்த பிடிஎஃப் பில், கிளவுட்டில் வெறும் கட்டங்களாக வரும். நோட்டோ எழுத்துருக்களை இமேஜுக்குள்ளேயே நிறுவிவிடுங்கள். மும்மொழியிலும் பில் கொடுக்கும் கடையென்றால் சிங்களத்துக்கும் சேர்த்தே நிறுவுங்கள். பிறகு "கொழும்பு" என்ற சொல்லை அச்சிட்டுப் பாருங்கள். முதலெழுத்தில் ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னும் கால் பின்னும் வந்தால் சரி. கொம்பும் காலும் சேர்ந்து பின்னால் போய் நின்றால், பிடிஎஃப் செய்யும் நிரல் நூலகத்துக்கு எழுத்துகளைக் கோத்து வடிவமைக்கத் தெரியாது, நூலகத்தையே மாற்ற வேண்டும். இதை இமேஜ் கட்டும் கட்டத்திலேயே கண்டுபிடித்துவிட்டால், எந்த மேடையில் ஏற்றினாலும் மறுபடி இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

நேரமும் அப்படித்தான். கொன்டெய்னருக்குள் கடிகாரம் வழமையாக யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நள்ளிரவில் நாள் கணக்கை முடிக்கும் நிரல் அந்தக் கடிகாரத்தை நம்பினால், கொழும்பில் அதிகாலை 5.30க்கே முடிக்கும், அதற்கு முன் வந்த ஓடர்கள் எல்லாம் முந்தைய நாளின் கணக்கில் விழும். நேரத்தை யுடிசியில் சேமித்து, கணக்கு முடிக்கும் இடத்திலும் காட்டும் இடத்திலும் மட்டும் கொழும்பு நேர வலயத்துக்கு மாற்றுங்கள். அல்பைன் இமேஜில் நேர வலயத் தரவை நீங்களாகத்தான் சேர்க்க வேண்டும்.

பயனர் ஏற்றும் படங்களைக் கொன்டெய்னருக்குள் வைக்காமல் அமசோனின் எஸ்3 போன்ற கோப்புக் களஞ்சியத்தில் வையுங்கள். கிளவுட் ரன்னில் கொன்டெய்னருக்குள் எழுதும் கோப்பு நினைவகத்தையே பிடித்துக்கொள்ளும், கொன்டெய்னர் நின்றதும் அழிந்துபோகும்.

எவற்றை ஒப்பிடுவது

கருவிகளின் பெயர்கள் பல இருந்தாலும் அவை ஏறத்தாழ நான்கு குடும்பங்களுக்குள் அடங்கும். ஒவ்வொன்றிலும் ஒன்றை மட்டும் சோதித்தால் போதும்.

மாத வாடகைக்கு எடுத்த ஒரு லினக்ஸ் சேர்வரில் நீங்களே ஓடவிடுவது முதல் குடும்பம். டொக்கர் கொம்போஸ், டொக்கு, கூலிஃபை, காமல் ஆகியவை இதில் அடங்கும். கொம்போஸ் மிக எளிது; ஆனால் புதிய இமேஜுக்கு மாறும்போது பழைய கொன்டெய்னரை நிறுத்திவிட்டே புதியதைத் தொடங்குவதால், சிறிது நேரம் தளம் இல்லாமற்போகும். 37சிக்னல்ஸ் நிறுவனம் வெளியிட்ட காமல் அந்தக் குறையைத் தீர்க்கிறது. புதிய கொன்டெய்னரைப் பக்கத்திலேயே தொடங்கி, அது நலமாக இருக்கிறதா என்று ஒரு முகவரியைத் தட்டிப் பார்த்து, பதில் வந்த பிறகே போக்குவரத்தை அதன் பக்கம் திருப்புகிறது. 2024இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு இதற்காக, கோரிக்கைகளை வாங்கி உரிய கொன்டெய்னருக்கு அனுப்பும் தனது சொந்தப் ப்ரொக்ஸியைப் பயன்படுத்துகிறது.

சேர்வரே கண்ணுக்குத் தெரியாத மேடைகள் இரண்டாவது குடும்பம்: கூகிள் கிளவுட் ரன், அசூர் கொன்டெய்னர் அப்ஸ், டிஜிட்டல்ஓஷன் அப் பிளட்ஃபோம், ஃப்ளை போன்றவை. இமேஜைக் கொடுத்தால் போதும், எச்டிடிபிஎஸ் சான்றிதழ் முதல் கொன்டெய்னர் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைப்பது வரை அவையே பார்த்துக்கொள்கின்றன. மூன்றாவது, அமசோனின் ஈசிஎஸ் என்ற கொன்டெய்னர் சேவையை, சேர்வர்களை அமசோனே பார்த்துக்கொள்ளும் ஃபார்கேட்டின் மேல் ஓடவிடுவது. 2017இல் ஃபார்கேட் வந்த பிறகு சேர்வரைப் பராமரிக்கும் வேலை இதிலும் இல்லை என்றாலும், வலையமைப்பு, அனுமதிகள், கோரிக்கைகளைக் கொன்டெய்னர்களுக்குப் பகிரும் சுமைச் சமநிலைப்படுத்தி ஆகியவற்றை நீங்களே கோக்க வேண்டும். நான்காவது குபர்நெட்டிஸ். 2014இல் கூகிள் அறிவித்த இத்திட்டம் இன்று எல்லாப் பெரிய கிளவுட்டுகளிலும் பராமரிப்புச் சேவையாகவே கிடைக்கிறது.

குழப்பிப் பார்க்கும் சோதனை

இந்தச் சோதனைக்கு மூன்று இமேஜ்கள் வேண்டும். முதலாவது சரியாக ஓடும் இமேஜ். இரண்டாவது, தொடங்கும்போதே விழுந்துவிடும் இமேஜ். தரவுத்தளக் கடவுச்சொல் மாறியின் பெயரை ஓரெழுத்து மாற்றிவிட்டால் அது தயார். மூன்றாவது நலமாகத் தொடங்கும், நலச் சோதனைக்கும் சரியென்று பதில் சொல்லும். ஆனால் ஓடரின் மொத்தத் தொகையைப் பிழையாகக் காட்டும். இந்த மூன்றாவதுதான் நிசத்தில் அடிக்கடி நடப்பது, ஒப்பிடுவோர் மறந்துபோவதும் இதைத்தான்.

முதல் இமேஜை ஏற்றி, கையடக்கத் தொலைபேசியில் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, இரண்டாவதை ஏற்றுங்கள். கிளவுட் ரன்னில் புதிய திருத்தம் (ஒவ்வோர் ஏற்றத்துக்கும் அது வைக்கும் பதிப்பு) தொடங்கத் தவறினால் போக்குவரத்து அதற்குப் போகாது, பழையதே பதில் சொல்லிக்கொண்டிருக்கும். காமலும் நலச் சோதனை தவறியதும் பழையதை விட்டுவைக்கிறது. ஈசிஎஸ்ஸில் தவறும் ஏற்றத்தை நிறுத்த சேர்க்கிட் பிரேக்கர் என்ற அமைப்பு இருக்கிறது. அதையும் தானாகத் திரும்பும் தெரிவையும் நீங்கள் இயக்கிவைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈசிஎஸ் அந்தக் கெட்ட கொன்டெய்னரைத் திரும்பத் திரும்பத் தொடங்கிப் பார்த்துக்கொண்டேயிருக்கும். குபர்நெட்டிஸில் தயார்நிலைச் சோதனை எழுதியிருந்தால் பழைய கொன்டெய்னர்கள் தொடர்ந்து வேலை செய்யும். வழமையான அமைப்பில் 10 நிமிடம் கழித்துத்தான் ஏற்றம் தவறியது என்று அறிவிக்கும், அப்போதும் தானாகத் திரும்பாது. கொம்போஸில் பக்கம் இறந்துபோவதை உங்கள் கண்ணாலேயே காண்பீர்கள்.

அடுத்து மூன்றாவது இமேஜை ஏற்றி, பிழையைக் கண்டதும் பழையதற்குத் திரும்புங்கள். இங்கே எத்தனை வினாடி ஆகிறது என்பதோடு, குழுவில் அந்தக் கருவியைக் குறைவாகத் தெரிந்தவரால் அதைத் தனியாகச் செய்ய முடிகிறதா என்பதையும் பாருங்கள். கிளவுட் ரன்னில் பழைய திருத்தங்களின் பட்டியலில் ஒன்றைத் தேர்ந்து 100 சதவீதப் போக்குவரத்தையும் அதற்குக் கொடுத்தால் முடிந்தது. இதைத் தொலைபேசியின் பிரவுசரிலிருந்தும் செய்யலாம், வார இறுதியில் வெளியூர் போயிருப்பவருக்கு அது பெரிய உதவி. குபர்நெட்டிஸில் ரோல்அவுட் அன்டூ என்ற ஒரு கட்டளை, காமலில் ரோல்பேக் கட்டளையோடு பழைய பதிப்பின் எண்; காமல் வழமையாகக் கடைசி ஐந்து கொன்டெய்னர்களைச் சேர்வரிலேயே வைத்திருப்பதால் மறுபடி பதிவிறக்க வேண்டியதில்லை. கொம்போஸில் கோப்பைத் திருத்திப் பழைய பெயரை எழுத வேண்டும்; காலை வேளையில் கடைக்காரர் தொலைபேசியில் காத்திருக்கும்போது கோப்பைத் திருத்துவது நல்லதல்ல.

இவற்றில் எந்தக் கருவியும் உங்கள் தரவுத்தளத்தைப் பழைய நிலைக்குத் திருப்பாது. புதிய பதிப்பு தரவு அட்டவணையின் ஒரு நெடுவரிசையை அழித்துவிட்டால், பழைய இமேஜ் திரும்பி வந்ததும் அந்த நெடுவரிசையைத் தேடி விழுந்துவிடும். ஆகவே அட்டவணை மாற்றத்தை எப்போதும் இரண்டு ஏற்றங்களாகப் பிரியுங்கள்: முதல் ஏற்றத்தில் புதிய நெடுவரிசையைச் சேர்த்து இரண்டிலும் எழுதுங்கள்; பழையதை எவரும் வாசிக்கவில்லை என்று உறுதியான பின், வேறொரு ஏற்றத்தில் அதை அழியுங்கள். இப்படிச் செய்யாத குழுவுக்கு, ரோல்பேக் பொத்தான் எவ்வளவு அழகாக இருந்தாலும் பயன்படாது.

சும்மா இருந்துவிட்டு எழும் நேரம்

இரண்டாவது குடும்பத்து மேடைகளிற் பல, கோரிக்கை இல்லாதபோது கொன்டெய்னர்களைப் பூச்சியத்துக்குக் குறைத்துவிடும். பணம் மிச்சம்; ஆனால் அடுத்து வரும் முதல் ஆள் கொன்டெய்னர் எழும்பும்வரை காத்திருக்க வேண்டும். கோவில், பண்டிகை, போயா விடுமுறைக்குப் பிறகு காலையில் முதல் ஓடர் போடுபவர்தான் அந்த ஆள். அலுவலக ஃபைபர் இணைப்பில் அளக்காமல், வாடிக்கையாளர் பாவிக்கும் மொபைல் வலையமைப்பில் அளந்து பாருங்கள். பொறுக்க முடியாத தாமதமென்றால் குறைந்தபட்சம் ஒரு கொன்டெய்னர் எப்போதும் விழித்திருக்கும்படி அமைக்கலாம். அந்த அமைப்போடு வரும் பில்லைத்தான் மற்றக் கருவிகளின் பில்லோடு ஒப்பிட வேண்டும். பூச்சிய நிலையின் விலையை வைத்து ஒப்பிடுவது நியாயமல்ல.

கிளவுட் ரன்னின் வழமையான அமைப்பில், பதில் அனுப்பி முடிந்ததும் செயலிக்கு சிபியூ ஏறக்குறைய கிடைக்காது. பதிலை அனுப்பிவிட்டுப் பின்னணியில் மின்னஞ்சல் அனுப்பும் நிரல் அங்கே அப்படியே உறைந்து நிற்கும். அத்தகைய வேலைகளைச் சேர்த்துவைக்க ஒரு வரிசையும் அவற்றைச் செய்ய ஒரு தனி நிரலும் வேண்டும்; இல்லாவிட்டால் சிபியூவை எப்போதும் ஒதுக்கும் அமைப்புக்கு மாற வேண்டும். ஒரு கோரிக்கை ஓடக்கூடிய நேரம் வழமையாக 5 நிமிடம், கூடியது 60 நிமிடம்.

எங்கே ஓடவிடுவது

அமசோன், கூகிள், மைக்ரோசொஃப்ட் மூன்றுக்கும் இலங்கையில் கிளவுட் பிராந்தியம், அதாவது சேர்வர் நிலையங்கள் உள்ள இடம், இல்லை. அருகில் இருப்பவற்றுட் சில: மும்பையிலும் சிங்கப்பூரிலும் அமசோனும் கூகிளும், சென்னையிலும் புனேயிலும் அசூர், பெங்களூரில் டிஜிட்டல்ஓஷன். நேர்கோட்டில் மும்பை ஏறத்தாழ 1,500 கிலோமீற்றர், சிங்கப்பூர் 2,700 கிலோமீற்றர். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடுவதால், போய்வர மும்பைக்கு 15, சிங்கப்பூருக்கு 27 மில்லிவினாடிக்குக் குறைய வழியே இல்லை. ஆனால் கடலடிக் கேபிள்கள் நேர்கோட்டில் போவதில்லை. உங்கள் இணைய வழங்குநரின் போக்குவரத்து எந்த வழியாகப் போகிறது என்பதைப் பொறுத்து, வரைபடத்தில் அருகிலிருக்கும் நகரம் நடைமுறையில் தூரமாகிவிடலாம். இரண்டு பிராந்தியங்களிலும் ஒரே இமேஜை வைத்து, வெவ்வேறு வழங்குநர்களின் இணைப்புகளிலிருந்து பகலிலும் இரவு எட்டு மணிக்கும் அளந்து முடிவெடுங்கள்.

செயலியும் தரவுத்தளமும் ஒரே பிராந்தியத்தில் இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுப்பே கூடாது. ஒரு பக்கத்தைக் காட்ட 20 வினவல்கள் போகின்றன என்று வையுங்கள். செயலி மும்பையிலும் தரவுத்தளம் சிங்கப்பூரிலும் இருந்து, ஒவ்வொரு போய்வரவுக்கும் 50 மில்லிவினாடி ஆனால், ஒரு முழு வினாடி அதிலேயே கரைந்துபோகும்.

வாடிக்கையாளர் தரவு வெளிநாட்டில் தங்குவதால், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் அதன் பின்வந்த திருத்தத்தையும் வாசியுங்கள். அரச நிறுவனத்துக்கான வேலையென்றால், பிராந்தியத்தைத் தேர்வதற்கு முன்பே அந்நிறுவனத்தின் சட்டப் பிரிவிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பில்

கிளவுட் பில் டொலரில் வருகிறது, கடைக்காரர் ரூபாயில் தருகிறார். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐ அண்டியது. மாதம் 60 டொலர் என்ற அதே பில், 12,000 ரூபாயிலிருந்து 21,600 ரூபாயாகியது. செயலியில் ஒரு வரிகூட மாறவில்லை. ஆகவே வாடிக்கையாளரோடு செய்யும் ஒப்பந்தத்தில் கிளவுட் செலவைப் பராமரிப்புக் கட்டணத்தோடு கலக்காமல், டொலர் கணக்கில் தனியாகக் காட்டும்படி வலியுறுத்துகிறேன்.

கொன்டெய்னரின் விலை பெரும்பாலும் பில்லின் சிறிய பகுதிதான். ஃபார்கேட்டில் தனிப்பட்ட துணைவலையமைப்பில் ஓடவிட்டால் வெளியே போக நட் கேட்வே வேண்டும். அமெரிக்காவின் வேர்ஜினியா பிராந்தியத்திலேயே அது மணிக்கு 4.5 சதம், அதாவது மாதம் 33 டொலர் அளவில், அதற்குமேல் சுமைச் சமநிலைப்படுத்தி வேறு. அமசோனின் குபர்நெட்டிஸ் சேவையில் ஒரு கிளஸ்டரை, அதாவது சேர்வர் தொகுதியை, நிர்வகிக்க மட்டும் மணிக்கு 10 சதம். ஒரு கொன்டெய்னர்கூட ஓடாமலே மாதம் 73 டொலர். கிளவுட் ரன்னில் மாதம் 20 இலட்சம் கோரிக்கை வரை கட்டணமில்லை என்பது உண்மை. ஆனால் அதற்குப் பக்கத்தில் வைக்கும் பராமரிப்புத் தரவுத்தளம் பூச்சியத்துக்குக் குறையாது, சிறிய செயலிகளில் பில்லின் பெரும்பகுதி அதுவாகத்தான் இருக்கும். வெளியே போகும் தரவுக்கும் விலை உண்டு. பொருட்படங்கள் நிறைந்த தளத்துக்கு முன்னால், படங்களின் நகலை வைத்துக் கொடுக்கும் ஒரு சிடிஎன் வைத்தால் அது கணிசமாகக் குறையும்.

பட்ஜெட் எச்சரிக்கையை முதல் நாளே வையுங்கள்; அது செலவை நிறுத்தாது, மின்னஞ்சல் மட்டுமே அனுப்பும் என்பதால், கூடியபட்சக் கொன்டெய்னர் எண்ணிக்கைக்கும் ஒரு வரம்பு இடுங்கள்.

என் தெரிவு

சீராக ஒரே அளவில் ஆட்கள் வந்துபோகும் செயலி, லினக்ஸ் நன்றாகத் தெரிந்த ஒருவர் குழுவில் இருக்கிறார் என்றால், ஒரு வாடகைச் சேர்வரும் காமலும் போதும். மாதச் செலவு முன்கூட்டியே தெரியும். பாதுகாப்புத் திருத்தங்களையும் தரவுத்தளக் காப்புப் பிரதியையும் மீட்டுப் பார்ப்பதையும் அந்த ஒருவர் தவறாமல் செய்ய வேண்டும் என்பதே நிபந்தனை. தீபாவளி, புத்தாண்டுக் காலத்தில் கூட்டம் பொங்கி மற்ற மாதங்களில் அடங்கிவிடும் கடைக்கும், பெறுபேறு வெளியாகும் நாளில் மட்டும் எல்லாரும் ஒன்றாகத் திறக்கும் கல்வி நிலையத் தளத்துக்கும் கிளவுட் ரன் அல்லது கொன்டெய்னர் அப்ஸ் பொருந்தும். வாடிக்கையாளர் ஏற்கெனவே அமசோனில் இருந்து, அவர்களிடம் வலையமைப்பு அறிந்தவர் இருந்தால் ஃபார்கேட். குபர்நெட்டிஸை, அதைப் பராமரிப்பதையே முழுநேர வேலையாகக் கொண்ட ஒருவர் இல்லாத குழுவுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் திறமையில் எனக்கு ஐயமில்லை, ஆனால் பதிப்புகளை உயர்த்திக்கொண்டே இருக்க வேண்டிய வேலை சிறிய குழுவின் மாதத்தைத் தின்றுவிடும்.

எதைத் தேர்ந்தாலும், இரண்டாவதாக வந்த கருவியில் ஏற்றப் பயன்படுத்திய அமைவுக் கோப்புகளை அழிக்காமல் நிரலை வைக்கும் ரெபோவிலேயே வைத்திருங்கள். 2022 நவம்பரில், செயலிகளை ஏற்றும் மேடையான ஹெரோக்கு தனது இலவசத் திட்டத்தை நிறுத்தியபோது, கொன்டெய்னர் இமேஜும் மாற்று அமைவுக் கோப்பும் கையில் இருந்தவர்களுக்கு அது ஒரு பிற்பகல் வேலை.

நேரலைக்கு மாற்றும் நாளை, மொத்தக் கடைகள் பூட்டியிருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையாகத் தெரிவுசெய்யுங்கள். அதற்கு முந்தைய நாளே, தளத்தின் பெயரைச் சேர்வர் முகவரியோடு இணைக்கும் டிஎன்எஸ் பதிவின் டிடிஎல் மதிப்பை (அந்தப் பதிவை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 வினாடிக்குக் குறைத்துவிடுங்கள்; பழைய மதிப்பு 24 மணித்தியாலமாக இருந்தால் அதற்கும் முந்தைய நாள். பழைய தளத்தை வாசிக்க மட்டும் என்ற நிலைக்கு மாற்றி, தரவுத்தளத்தை நகர்த்தி, ஓடர்களின் எண்ணிக்கையையும் கடைசி ஓடரின் இலக்கத்தையும் இரு பக்கமும் ஒப்பிட்டு, பிறகே டிஎன்எஸ் பதிவை மாற்றுங்கள். திங்கள் காலையில் கடை திறக்கும் நேரத்தில் ஒருவர் செயலியின் லொக் பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். பழைய சேர்வரை அந்த வாரம் முடியும்வரை அணைக்க வேண்டாம்.